சம்பந்தியம்மா கேட்ட உத்தரவாதம்

அண்ணன் மருமகளின் போனில் சைரன் ஊளையிட்டபோது, அவள் பீர்க்கன்கரணை வீட்டு வாசலில் குந்தியபடி மீன்காரம்மாவிடம் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். சைரன் அடித்தது நம் ஊரில் அல்ல, அவளுடைய அம்மா இருக்கும் ஊரில். உக்ரைனில், கருங்கடல் பக்கம் இருக்கும் கப்பல் கட்டும் நகரம் அது. அங்கே வானத்தில் ஏதோ வருகிறது என்று எச்சரிக்கை விட்டால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் போனில் கத்துகிற செயலி ஒன்றை அவள் வைத்திருக்கிறாள். அதை அணைத்து வைக்கச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை. ஒரு முறை சர்ச்சில் திருவிருந்துக்கு வரிசையில் நின்றபோது அடித்தது. ஆயர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது ஓயும்வரை காத்திருந்தார்.

“இன்னா பாப்பா, உங்கம்மா ஊர்ல மறுபடியும் போட்டுக்கினு கீறானா?” என்றார் மீன்காரம்மா.

“ஆமாக்கா. ஒரே பேஜாரா கீது,” என்றாள் மருமகள்.

வெள்ளைக்காரப் பெண் இப்படிப் பேசுவதைக் கேட்டு முதலில் தெருவே சிரித்தது. அவள் தமிழ் கற்றுக்கொண்டது கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் இந்த அம்மாவிடம்தான். வாரத்துக்கு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து, மீன் ஆயும் நேரமெல்லாம் பேசிப் பேசி வந்த தமிழ். தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் சுத்தமான கோப்புத் தமிழ் எழுதி ஓய்வு பெற்ற என் அண்ணனுக்கு இதில் பெரிய மனக்குறை. “வூடு, கீதுன்னு பேசாதம்மா, வீடு, இருக்குன்னு சொல்லு,” என்பார். “சர்தான் மாமா,” என்பாள் அவள். அதோடு அந்தப் பாடம் முடிந்தது.

அண்ணன் மகன் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடப்பான். ஏதோ ஒரு கப்பல் வேலையாக அந்த ஊரில் மாதக்கணக்கில் தங்கியபோது இவளைப் பார்த்தான், கல்யாணம் பெருங்களத்தூரில் நடந்தது. யுத்தம் தொடங்குவதற்கு முன்னால். அவளுடைய அம்மா தனியாக விமானம் ஏறி வந்திருந்தார். குட்டையான, கனத்த அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கணவர் இல்லை. பட்டுப்புடவையை யாரோ கட்டிவிட, நடக்கத் தெரியாமல் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ரிசப்ஷன் முழுக்க நின்றார். கிளம்பும்போது மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். என் அண்ணன் பக்கத்தில் போய், நம் ஊரில் பெண்ணைப் பெற்றவளிடம் மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்: “கவலையே படாதீங்க சம்பந்தியம்மா. எதுவானாலும் நாங்க இருக்கோம்.”

நமக்கு அது வழியனுப்பும் பேச்சு. மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார்.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். “அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கான பாதுகாப்பு உத்தரவாதங்கள்” என்பது மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் ஒரு சின்னத் தலைப்பு. ஐந்து மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகும். உத்தரவாதம் இரண்டு வகை என்று தொடங்க வேண்டும். ஒன்று, உன்னிடம் அணுகுண்டு இல்லை, அதனால் என் அணுகுண்டை உன்மேல் போட மாட்டேன் என்று வல்லரசு கொடுக்கும் வாக்கு. இன்னொன்று, வேறு எவனாவது உன்மேல் போட்டால் நான் வருவேன் என்கிற வாக்கு. முதல் வகைக்கு எதிர்மறை உத்தரவாதம் என்று பெயர், இரண்டாவதற்கு நேர்மறை. உதாரணம் எழுதினால் கூடுதலாக ஒரு மார்க். உதாரணம் எப்போதும் உக்ரைன்தான். சோவியத் நாடு உடைந்தபோது ஏராளமான அணு ஆயுதங்கள் அந்த மண்ணில் கிடந்தன. அவற்றை எல்லாம் கொடுத்துவிட்டு, ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்று பேரும் புடாபெஸ்ட்டில் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அது வாங்கிக்கொண்டது. உன் எல்லையை மதிப்போம், உன்மேல் கைவைக்க மாட்டோம். யாராவது அணு ஆயுதத்தைக் காட்டி உன்மேல் பாய்ந்தால் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் உனக்காக உதவி கேட்போம். அந்தச் சபையில் ஒரே ஒரு வல்லரசு கையைத் தூக்கி வேண்டாம் என்றாலும் காரியம் நின்றுவிடும். கையைத் தூக்கும் அதிகாரம் உள்ளவர்களில் கையெழுத்துப் போட்ட அந்த மூன்று பேரும் உண்டு.

யுத்தம் வந்த வருஷம் இதை நடத்தும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “மேடம், அப்ப அடிச்சவன்கிட்டயே போய் கம்ப்ளெயின்ட் குடுக்கணுமா?”

“அதேதான்,” என்றேன்.

“இதுக்கு வெறும் அஞ்சு மார்க்கா மேடம்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் என்ன செய்ய? எரிச்சல் மட்டும் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை போகவில்லை.

அண்ணன் வீட்டில் இந்த ஐந்து மார்க் கேள்விதான் எல்லோர் நெஞ்சிலும் கல்லாக உட்கார்ந்திருந்தது. மருமகளின் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். அம்மா அந்த ஊரைவிட்டு நகராமல் இருப்பதற்கு அவன்தான் காரணம். அவனுக்கு எப்போதாவது இரண்டு நாள் லீவு கிடைக்கும். வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம், அடுப்பில் சூப் இருக்க வேண்டுமாம். யுத்தத்தின் இரண்டாவது வருஷம் ஒரு தடவை, மகளின் பிடுங்கல் தாங்காமல், எல்லையைத் தாண்டுகிற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, பெட்டியோடு பஸ் நிலையம்வரை போனார். மகன் அன்று போன் எடுக்கவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். இங்கே நாங்கள் ஏர்போர்ட்டுக்குப் போக வண்டிகூடப் பேசி வைத்திருந்தோம்.

பிறகுதான் டிவியில் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று தொடங்கினார்கள். யுத்தத்தை நிறுத்துவோம், இந்த முறை உக்ரைனுக்கு உறுதியான பாதுகாப்பு உத்தரவாதம் கொடுப்போம். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் நீள மேஜையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். என் வாத்தியார் புத்தி ஒவ்வொரு அறிக்கையையும் வரிவரியாகப் படித்தது. யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள், எப்போது வருவார்கள், வராவிட்டால் என்ன என்று எங்கேயும் இல்லை. படித்து முடித்ததும் போனை சோபாவில் விட்டெறிவேன். சோபாவுக்கு மட்டும்தான் என்னால் ஏதாவது செய்ய முடிந்தது.

அண்ணனுக்கு அந்த வியாதி கிடையாது. கையெழுத்து இருக்கும் காகிதத்தை மனிதர் விடமாட்டார். எங்கள் ஏரிக்கரை ரோட்டுக்கு விளக்கு வந்தது அவர் மனுவால். தெருக்கோடியில் மழைத்தண்ணீர் போக வழி வந்ததும் அவர் மனுவால்தான். முதலில் மனு, பிறகு நினைவூட்டு, பிறகு இரண்டாம் நினைவூட்டு, பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் முன்னால் நேரில். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எந்த அலுவலகத்திலிருந்தும் அவர் வெளியே வந்ததில்லை. எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும், ரேஷன் கார்டோ பட்டாவோ, அண்ணன் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவர் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் வந்திருக்கக் கூடாது.

“ஏம்மா, அந்த மூணு பேரும் கையெழுத்து போட்டானுங்கல்ல, அந்த உடன்படிக்கைக்கு ந.க. எண் என்ன?”

கோப்பு எண்ணைக் கேட்கிறார். எனக்குச் சோறு புரையேறியது. “அண்ணா, அது என்ன தாலுகா ஆபீஸ் கோப்பா?”

“எண் இல்லாம எந்த ஆபீஸ்லம்மா ஃபைல் நகரும்? பார்வைன்னு ஒண்ணு போடணும். இன்ன தேதில நீங்க இன்ன வாக்கு குடுத்திருக்கீங்கன்னு சொன்னாத்தான் பதில் சொல்ற கடமை அவனுக்கு வரும். மூணு பேருக்கும் மெட்ராஸ்ல ஆபீஸ் இருக்கு. நேர்ல போய்க் கொடுத்தா வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது.”

“முடியும். தாராளமா சொல்ல முடியும்.”

“நீ சும்மா இரு. உனக்கு எல்லாத்துலயும் அவநம்பிக்கை.”

மருமகளைப் பார்த்தேன். இதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, “குடுக்கலாம் மாமா,” என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

அண்ணன் மனுவை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. இங்கிலீஷில், அவருடைய பழைய ஆபீஸ் நடையில். பொருள் என்ற இடத்தில் சம்பந்தியம்மாவின் ஊர். பார்வை என்ற இடத்தில் புடாபெஸ்ட். கீழே, இந்த நாடு தன்னிடமிருந்த ஆயுதங்களைத் தங்கள் வாக்கை நம்பி ஒப்படைத்துவிட்டபடியால், மேற்படி வாக்கை நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு பத்தி. திருத்தித் தரச் சொன்னார். இரண்டு எழுத்துப்பிழை தவிர திருத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய பெரிய நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தானே என்று நினைத்தபோது அழுகை வந்தது, கோபமும் வந்தது. எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

மூன்று அலுவலகங்களில் ஒன்றுக்கு முதலில் போவதாக முடிவு. எது என்று இங்கே எழுதப் போவதில்லை, எல்லா வாசலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, பிளாஸ்டிக் உறையில் மனுவை வைத்து மடியில் பிடித்துக்கொண்டார். மருமகள் சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள். ரயிலில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் போனில் தம்பிக்கு ஏதோ தட்டி அனுப்பினாள். ஒற்றை டிக் மட்டும் விழுந்திருந்தது. அவன் போன் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாசலில் நம் ஊர்க் காவலாளி. ஐம்பது வயதிருக்கும். “அப்பாயின்மென்ட் கீதா சார்?”

“மனு கொடுக்க வந்திருக்கோம்,” என்றார் அண்ணன்.

“மனுவா?” காவலாளி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சார் நீ, கலெக்டர் ஆபீஸ்னு நெனச்சுகினு வந்துட்டியா? அதெல்லாம் இங்க வாங்க மாட்டாங்க சார். இமெயில் போடு.”

“இமெயில் போட்டா ஒப்புகை வருமா?”

“அது இன்னாவோ, எனக்குத் தெரியாது சார்.”

“சரி. இதை உள்ள கொடுத்து, பெற்றுக்கொண்டேன்னு ஒரு சீல் மட்டும் வாங்கிக் கொடுங்க.”

வெயில் மண்டையைப் பிளந்தது. விசாவுக்கு வந்தவர்களின் வரிசை எங்களை வேடிக்கை பார்த்தது. நான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன், “வாங்கண்ணா, போலாம்.” அவர் அசையவில்லை. காவலாளி அவரை அதட்டியிருக்கலாம், அதட்டவில்லை. மருமகளிடம், “நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டார். “உக்ரைன், அண்ணா. எங்கம்மா அங்க கீறாங்க,” என்றாள். இந்தப் பாஷையை அந்த முகத்திலிருந்து எதிர்பார்க்காமல் அவர் ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், நான் வேணா வாங்கிக்கினேன்னு கையெழுத்து போட்டுத் தரவா?” என்றார்.

அண்ணன் அவரையே பார்த்தார். உறையைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “வேணாம்ப்பா. நீ நல்ல மனுஷன். ஆனா உன் கையெழுத்துக்கு இதுல அதிகாரம் இல்ல. நாளைக்கு உன்னை வந்து கேட்டா நீ என்ன பண்ணுவே?”

மற்ற இரண்டு அலுவலகங்களுக்கு நாங்கள் போகவில்லை. ஜூஸ் கடையில் மூன்று சாத்துக்குடி குடித்துவிட்டு ரயில் ஏறினோம். தாம்பரத்தில் ஜனம் இறங்கி ஏறும்போது அண்ணன், “இமெயில்ல ரசீது வராதும்மா. வராது,” என்றார். அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் கிழவராகத் தெரியாத மனிதர், அன்று படியில் இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் அண்ணன் வீட்டில் இருந்தோம். நமக்கு மதியம் என்றால் அங்கே காலை. சம்பந்தியம்மா வாரா வாரம் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவார். அன்று வழக்கமான சாப்பிட்டீர்களா, மழை உண்டா எல்லாம் முடிந்த பிறகு, அண்ணனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். முகம் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் நீளமாகப் பேசினார். வகுப்பில் கணக்கை விளக்குகிற மாதிரி நிறுத்தி, நிதானமாக. மருமகள் மொழிபெயர்த்தாள்.

“அம்மா கேக்கறாங்க அத்தை. நீங்க இத்தப் பாடமா நடத்துறவங்க. டிவில பேசறவன்லாம் யாருக்கோ பேசறான். நீங்க நம்ம வூட்டு ஆளு. இந்தத் தபா குடுக்கற உத்தரவாதம் நிக்குமா, நிக்காதா? நிக்கும்னா அம்மா அங்கியே தம்பிக்காக குந்திகினு இருப்பாங்களாம். நிக்காதுன்னா கெளம்பி இங்க வந்துடுவாங்களாம். நீங்க இன்னா சொல்றீங்களோ, அதானாம்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் இந்தத் தலைப்பில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதிலை வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டலாமா வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை. நிற்கும் என்று சொல்லி, நாளைக்கு அந்த வீட்டின் மேல் விழுந்தால்? நிற்காது என்று சொல்லி அவர் கிளம்பி வந்த பிறகு, லீவில் வந்த மகன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், அதற்கப்புறம் வராமலே போனால்? நான், “இது எந்த நாடுகள் சேர்றாங்கங்கறதைப் பொறுத்தது, என்ன வாசகம் எழுதறாங்கங்கறதைப் பொறுத்தது...” என்று ஆரம்பித்தேன்.

“ஏய்,” என்றார் அண்ணன் பக்கத்திலிருந்து. “அவங்க பரீட்சை எழுதப் போகல. நேராச் சொல்லு.”

சம்பந்தியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் மகன் யூனிஃபார்மில் நிற்கும் படம்.

“நம்பாதீங்க,” என்றேன். “எழுதிக் கொடுத்ததை அவங்க முன்னாடியே காப்பாத்தல. இப்பவும் யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல. உசிரு இருந்தா மகனை அப்புறம் பாக்கலாம். கிளம்பி வந்துடுங்க சம்பந்தியம்மா. இங்க உங்களுக்கு ரூம் இருக்கு, நாங்க இருக்கோம்.”

மருமகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள். நான் பேசிய அளவுக்கு அவள் பேசவில்லை, சின்னதாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மாவின் தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்தார். நெஞ்சில் கைவைத்து என்னிடம் ஏதோ சொன்னார், தலையைத் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, யாராவது ஒருவர் கிளம்பு என்று சொல்லக் காத்திருந்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். போனை வைப்பதற்குள் மாடி ரூமுக்கு ஏசி போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். குளிர் ஊர்க்காரர், நம்ம வெயிலைத் தாங்க மாட்டார் என்று அவருக்குக் கவலை.

பாத்திரம் கழுவும்போது மருமகளிடம் கேட்டேன், “எப்போ கிளம்பறாங்களாம்?”

“கெளம்பல அத்தை.”

“என்னது?”

அவள் குழாயை மூடினாள். “இந்தத் தபா நிக்கும்னு அத்தை சொல்றாங்கன்னு சொன்னேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னே? என் பேரைச் சொல்லி, யாரைக் கேட்டும்மா அப்படிச் சொன்னே? வர்றேன்னு அவங்களே சொன்னாங்களே!”

“சொல்வாங்க. பஸ் ஏற மாட்டாங்க.” அவள் கத்தவில்லை. தட்டை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே பேசினாள். “அன்னிக்குப் பொட்டி எடுத்துகினு போய்த் திரும்பி வந்தாங்கல்ல. தம்பி அங்க இருக்கற வரைக்கும் அம்மா எங்கியும் வர மாட்டாங்க. எனக்குத் தெரியும் அத்தை. நிக்காதுன்னு சொன்னா வரவும் மாட்டாங்க, தூங்கவும் மாட்டாங்க. இப்ப தூங்கவாவது செய்வாங்க. தூங்கட்டும், வுட்டுடுங்க.”

“நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அந்தக் கேள்வி அவளிடம் இல்லாமலா இருந்திருக்கும்? அதை நான் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். அவள் கையிலிருந்த துணியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். திட்ட வந்தவள் கட்டிக்கொண்டு அழுதேன், வேறென்ன.

வீட்டுக்கு வந்து என் போனை எடுத்தேன். சம்பந்தியம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மொழிபெயர்க்கும் செயலியும் இருக்கிறது. “உங்கள் மகள் தவறாகச் சொல்லிவிட்டாள், நான் சொன்னது வேறு” என்று தட்டினேன். அந்த ஊர் எழுத்தில் அழகாக வந்தது. அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பி வா என்று எழுதுகிறேனே, வழியில் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் எழுதித் தர முடியுமா? மகன் பிழைத்திருப்பான் என்று? இல்லை, அங்கேயே இருக்கிறவளிடம் உன் மகள் பொய் சொன்னாள் என்று சொல்லி, இருக்கிற ஒரு மகளையும் பிடுங்குவதா? எழுதியதை அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். என்ன படிப்பு படித்து என்ன.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா தினமும் காலையில் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார். கீழே அவர்கள் மொழியில் நன்றி. நானும் ஒரு பூ அனுப்புகிறேன். மாடி ரூமுக்கு அண்ணன் ஏசி போட்டுவிட்டார். குளிர்காலம் முடிந்ததும் வருவார்கள் என்று மருமகள் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். டிவியில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சைரன் முன்பு போலவே அடிக்கிறது. ஒரு நாள் வகுப்பில் அந்தத் தலைப்பை நடத்த வேண்டிய நேரம் வந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

போன ஞாயிறு சம்பந்தியம்மா வீடியோவில் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தலைக்குச் சாயம்கூடப் போட்டிருந்தார். ஒன்று காட்ட வேண்டும் என்று போனைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தார். பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்து ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைந்த பிறகு, அந்த அறை மரப்பலகை அடித்து இருட்டாகவே கிடந்ததாம். இப்போது பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். அறை முழுக்க வெயில். கட்டிலை இழுத்து ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார், பெரிதாகச் சிரித்தார்.

“அத்தை சொன்ன தைரியத்துலதான் போட்டாங்களாம்,” என்றாள் மருமகள், என் முகத்தைப் பார்க்காமல்.

“பலே! நல்ல வெளிச்சம்,” என்றார் அண்ணன்.

“கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லும்மா,” என்றேன். “கண்ணாடிக்குப் பக்கத்துல படுக்க வேணாம்னு சொல்லு. அதை மட்டுமாவது சொல்லு.”

மருமகள் திரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்து, எனக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டார்.